சுவர் காய்வதற்குள்

எரிந்த வீடுகளின் பட்டியலில் முப்பத்தொன்றாவது வீடு வெள்ளை வெளேரென்று இருந்தது.

தவறான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக் கைப்பேசியில் வரைபடத்தைத் திரும்பப் பார்த்தேன். இடம் சரிதான். மலையடிவாரத்துக் கடைசித் தெரு, வலப்பக்கம் மூன்றாவது வீடு. அதற்கு இந்தப் பக்கத்து வீட்டில் கூரை விழுந்து கிடந்தது. அந்தப் பக்கத்து வீட்டில் கதவு இருந்த இடத்தில் கரிக்கட்டை ஒன்று கீலில் தொங்கியது. நடுவில் இது மட்டும் பால் போல நின்றது. இதற்கும் கூரை இல்லை. சுவருக்கு மேல் நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஜன்னல்களுக்குச் சட்டம் இல்லை. ஆனால் சுவர்கள் உள்ளும் புறமும் வெள்ளை.

கோடையில் மலையில் பற்றிய தீ நான்கு நாள் எரிந்தது. ஐந்தாம் நாள் காற்று திரும்பியதும் கீழே இறங்கி மூன்று தெருக்களைத் தின்றது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். வெளியூர் அறக்கட்டளை ஒன்று நாற்பத்திரண்டு வீடுகளுக்குக் கூரை போடவும் சுவர் பூசவும் மானியம் தந்தது. வீடு வீடாகப் போய்ப் படமெடுத்து அனுப்ப அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பகல் முழுக்க வீட்டுக்கு வெளியே இருக்க எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. சேர்ந்துகொண்டேன்.

படிவம் எளிமையானது. அறைக்கு இரண்டு படம். படத்தில் தீயின் தடயம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 'ஏற்கெனவே சீரமைக்கப்பட்டது' என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். அந்தக் குறி விழுந்தால் அந்த வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. அக்கம்பக்கத்தார் சாட்சி செல்லாது. வேறொரு ஊரில் பாழடைந்த கொட்டகைகளை எரிந்த வீடென்று சொல்லி, ஆளுக்கு ஆள் சாட்சி சொல்லி வாங்கிவிட்டார்களாம். அன்றிலிருந்து படம் மட்டும்தான். பட்டியல் அன்று மாலை ஆறு மணிக்கு மூடுகிறது. மழைக்கு மூன்று வாரம் இருந்தது.

வீட்டுக்காரர் துண்டில் கை துடைத்தபடி வெளியே வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. சுவருக்கு வெள்ளையடிப்பது தொழில். ஊரில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். பட்டியலில்கூடப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

"வாங்க சார். காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கோம்."

"இது எரிஞ்ச வீடுதானா?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? மேல பாருங்க, கூரை எங்க?"

"கூரை இல்லைன்னு தெரியுது. எரிஞ்சதுன்னு தெரியலையே."

முதலில் அவர் முகத்தில் பெருமைதான் வந்தது. தன் வேலையை யாரோ பாராட்டியதுபோல. அப்புறம் என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். பெருமை போய்விட்டது.

உள்ளே ஒரே அறை, அதையொட்டி ஒரு சமையலறை. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்து ஓர் ஆள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரின் மைத்துனர். சின்ன லாரி ஓட்டுகிறவர். தீ வந்த நாளிலிருந்து பகலெல்லாம் அக்கா குடும்பத்தோடுதான் இருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார்.

"நான் அப்பவே சொன்னேன் சார். மாமா, ஊரே கரியாக் கிடக்கு, நீங்க மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கிறீங்களேன்னு. கேட்டாரா?"

"சும்மா இரு மச்சான்."

"வெள்ளையடிக்கிறவன் வீட்டுல கரி இருந்தா ஊர் சிரிக்கும்னாரு. இப்ப ஊர் சிரிக்கலை சார். படிவம் சிரிக்குது."

"எரிஞ்ச மரம் ஏதாவது மிச்சம் இருக்கா? உத்திரம், சட்டம், கதவு?"

வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் கை காட்டினார். மூன்று கல் வைத்த அடுப்பில் சாம்பல் இருந்தது. உத்திரத்தை அறுத்து ஒரு மாதமாக விறகாக எரித்திருக்கிறார்கள். கடைசித் துண்டு அன்று காலை தேநீருக்குப் போயிருந்தது.

"கூரைத் தகடு?"

மைத்துனர் தொண்டையைச் செருமினார். "அதை நான்தான் லாரியில ஏத்தி பழைய இரும்புக் கடையில போட்டேன். காலுல குத்துதுன்னு அக்கா சொல்லுச்சு."

"இப்ப போய்ப் பார்த்தா கிடைக்குமா?"

"இந்நேரம் அது யார் வீட்டுச் சட்டியா ஆயிருக்கோ."

இருந்தாலும் போனார். முக்கால் மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார்.

அதற்குள் வீட்டுக்காரர் ஒரு கொத்துக்கரண்டியை எடுத்துச் சுவரின் ஒரு மூலையைச் சுரண்டினார். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புத் தெரிந்தது. கூடவே பூச்சும் உதிர்ந்தது. படமெடுத்து, தெரு முனைக்குப் போய் அலுவலகத்து மேடத்துக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"என்னப்பா இது? அடுப்புப் புகை மாதிரி இருக்கு."

"வீடு முழுக்க இப்படித்தான் மேடம். மேல வெள்ளையடிச்சிட்டாங்க."

"யாராவது எரிஞ்ச வீட்டுக்கு வெள்ளையடிப்பாங்களா?"

"அடிச்சிருக்காங்க மேடம்."

"அறை முழுசாத் தெரியணும். கையகலத்தை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. நான் கெட்டவ இல்ல, புரிஞ்சுக்க."

புரிந்தது. மணி பன்னிரண்டரை.

நான் திரும்பி வந்தபோது அடுத்த வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். அவர் வீட்டை நான் காலையிலேயே முடித்திருந்தேன். நான்கு நிமிட வேலை. தீ அணைந்த நாளில் எது எங்கே விழுந்ததோ அது அங்கேயே கிடந்தது. ஒரு செங்கல்லைக்கூட அவர் நகர்த்தவில்லை.

"எனக்கு ஆச்சு," என்றார். "குனிஞ்சு ஒரு துரும்பைக் கிள்ளிப் போடலை. எம் பொண்டாட்டி நாப்பது நாளாச் சோம்பேறி சோம்பேறின்னு திட்டினா. இப்ப டீ போட்டுத் தரா."

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதய்யா," என்றார் மைத்துனர்.

"எரியட்டும். அதையாவது படம் பிடிச்சுக்கச் சொல்லு."

மைத்துனரே சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார்.

வீட்டுக்காரரின் மனைவி தையல்காரர் வீட்டு அடுப்பில் கிழங்கை வேகவைத்துக்கொண்டு வந்தார். உப்பும் மிளகும் தூவி எனக்கு ஒரு தட்டில் கொடுத்தார். வேண்டாம் என்றேன்.

"சாப்பிடுங்க தம்பி. எழுதறதும் எழுதாததும் அப்புறம். பசிக்குமில்ல?"

சாப்பிட்டேன். பசித்துத்தான் இருந்தது.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு."

"வீட்டுல என்ன பண்றாங்க?"

"இப்ப இல்லைங்க. பிப்ரவரியில அவங்க சாமானோட கிளம்பிப் போயிட்டாங்க."

அவர் என் தட்டில் இன்னொரு கிழங்கை வைத்தார். அதற்காக அவரிடம் எனக்கு நன்றி தோன்றியது. வழக்கமாக எல்லோரும் ஏதாவது சொல்வார்கள்.

"கூரை கிடைக்கலைன்னா என் வீட்டு மாடி இருக்கு," என்றார் மைத்துனர். "ஒரு ரூம். தகரந்தான், ஆனா ஒழுகாது."

"உன் மாடியில நீ, உன் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, அந்த நாய்," என்றார் அக்கா. "நாங்க எங்க, கம்பியில தொங்கறதா?"

"நாயை வெளியில கட்டிக்கலாம்கா."

"நாய்க்கு எங்கமேல கோவம் வரும். வேணாம்."

அக்கா எழுந்து போய் எச்சில் தம்ளரை அலசினார். குழாய் கிடையாது. தெருவின் பிளாஸ்டிக் குழாய்கள் எல்லாம் தீயில் உருகிவிட்டன. காலையில் லாரியில் வரும் தண்ணீர்தான். வாசலில் அடுத்தடுத்து இரண்டு பீப்பாய்கள். அலசிய தண்ணீரைக் கதவில்லாத வாசல் வழியே வீசினார். பாதி வெளியே போனது. பாதி உள்சுவரின் அடியில் அடித்தது.

நான் தட்டோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பட்ட இடம் கறுத்தது. நிழல் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தேன். நிழல் இல்லை. கறுப்பின் நடுவே நேர்கோடு ஒன்று மேலே போனது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெளிர். ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து வெளுத்து, மறுபடியும் வெறும் வெள்ளைச் சுவர் ஆகிவிட்டது.

தட்டை வைத்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்திருந்தார். பின்பக்கம் வா என்று கண்ணைக் காட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கருகிய மரமும் சுண்ணாம்புத் தொட்டியும் இருந்தன. அவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தெரியும் சார்," என்றார். "புதுச் சுண்ணாம்பு நனைஞ்சா உள்ள இருக்கறதைக் காட்டிடும். காஞ்சா மூடிக்கும். முப்பது வருஷமா இந்தத் தொழில். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏங்க சொல்லலை? காலையிலேர்ந்து அல்லாடிக்கிட்டிருக்கோம்."

அவர் நகத்திலிருந்த சுண்ணாம்பைக் கிள்ளினார். நகமெல்லாம் வெடித்து வெளுத்திருந்தது.

"கரி மேல சுண்ணாம்பு அடிக்கக் கூடாது சார். ஒட்டாது. ரெண்டு மழையில உரிஞ்சு வந்துடும். தொழில் தெரிஞ்ச எவனும் செய்ய மாட்டான். நான் செஞ்சேன். ஏன் தெரியுமா? தீயில பொருளெல்லாம் போச்சு. ஆனா அது நின்ன இடத்துல சுவர்ல கரி பிடிக்கலை. பீரோ நின்ன இடத்துல பீரோ அளவுக்கு வெள்ளை. கண்ணாடி மாட்டின இடத்துல முட்டை மாதிரி வெள்ளை. தையல் மிஷின், ஸ்டூல், எல்லாம். சாமான் இல்லை, ஆனா நிக்குது. எம் பொண்டாட்டி உள்ள காலை வச்சா, பார்த்தா, வெளியில போய் உட்கார்ந்துட்டா. எரிஞ்சது எரிஞ்சதுன்னு விட்டுடுவேன், இதுங்க என்னையே பார்த்துக்கிட்டு நிக்குதேன்னா. ஒன்பது நாள் தெருவுலயே சார். ராத்திரி பள்ளிக்கூடத்துல படுக்கறது, பகல்ல தெருவுல. உள்ள வரலை. கழுவறதுக்குத் தண்ணி கிடையாது. தொடப்பத்தால தட்டிட்டு ரெண்டு கோட் அடிச்சேன். பத்தாம் நாள் உள்ள வந்தா. அடுப்பு மூட்டினா."

எனக்கு அந்த மாதிரி இடங்களைத் தெரியும். என் வீட்டில் கட்டில் நின்ற இடத்தில் தரை இன்னும் வேறு நிறமாக இருக்கிறது. மேலே பாய் விரித்திருக்கிறேன். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"ஒரு வாளித் தண்ணி ஊத்தினா எல்லாம் திரும்ப வந்துடும்," என்றார். "கூரைக்காக அவளை மறுபடி தெருவுல உக்கார வைக்கவா? மாடியே பரவாயில்லைன்னு இருந்துட்டேன்."

"அந்த நாயோடயா?"

குரல் வீட்டுப் பின்வாசலிலிருந்து வந்தது. அவர் மனைவி கையில் தம்ளரோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"அது வந்து..."

"வந்தது போனது எல்லாம் கேட்டுச்சு." தம்ளரைத் தொட்டிமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். "நனைச்சா உங்க படத்துல விழுமா தம்பி?"

"விழும்."

"அதுக்கு அவங்க கூரை தருவாங்களா?"

"தருவாங்கன்னுதான் நினைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது."

கொஞ்ச நேரம் அந்தக் கருகிய மரத்தைப் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

"ஏங்க, ஒரு மாசமா இதைத் தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தீங்களா?"

"நீ கேக்கலையே."

"நான் என்ன, சுவரை நனைச்சா என்ன ஆகும்னு தினம் கேப்பனா?" முந்தானையை இடுப்பில் செருகினார். "அந்தப் பெரிய பிரஷை எடுங்க."

வாளியை வீசி ஊற்றக் கூடாது என்றார் வீட்டுக்காரர். சுண்ணாம்பு பெயர்ந்துவிடும், படத்தில் திட்டுத் திட்டாக வரும். பிரஷால் பூச வேண்டும். வெயில் நேரம், வேகமாகக் காயும், மேலே பூசிக் கீழே வருவதற்குள் மேலே வெளுத்துவிடும். அதனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பூச வேண்டும். அவர் ஏணியில் ஏறினார். அவர் மனைவி கீழ்ப்பாதிக்கு நின்றார். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து வேலைக்குப் போவார்களாம். அது அந்தப் பிரஷைப் பிடித்த விதத்தில் தெரிந்தது.

இருந்தது ஒன்றரைப் பீப்பாய். தையல்காரர் தன் வீட்டுப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார். நாற்பது நாளில் அவர் செய்த முதல் வேலை அதுதான் என்று அவரே சொன்னார்.

"நாளைக்குக் குளிக்க மாட்டீங்களா?" என்றார் மைத்துனர்.

"இன்னிக்கு மட்டும் குளிச்சேனா?"

நான் கைப்பேசியை வீடியோவில் வைத்துச் சுவருக்கு எதிரே நின்றேன்.

மேலும் கீழுமாக, பக்கத்தில் ஒட்டியபடி, பிரஷ் போய்வந்தது. வெள்ளையடிக்கும் அதே கைவாகு. ஆனால் பிரஷ் போன இடமெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் சாம்பல் நிறம், பிறகு புகை நிறம், பிறகு கரி. அறை இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய வெளிர்க் கட்டம் நிமிர்ந்து நின்றது.

அக்காவின் கை நின்றுவிட்டது. ஏணியின் மேலிருந்து வீட்டுக்காரர் கீழே பார்த்தார்.

"பீரோ," என்றார் மைத்துனர் மெதுவாக.

"ஆமா, பீரோ," என்றார் அக்கா. பிரஷை வாளியில் முக்கி எடுத்தார். "நிக்காதீங்க, காஞ்சிடும்."

கண்ணாடி வந்தது, முட்டை வடிவத்தில். அதற்குக் கீழே தையல் மிஷினின் கழுத்து. ஸ்டூலின் மூன்று கால். நான்காவது காலை மைத்துனர் பல வருஷத்துக்கு முன் உட்கார்ந்து உடைத்திருந்தாராம். சுவர்கூட மறக்கவில்லை என்று தையல்காரர் சொன்னார். அலமாரித் தட்டு, அதன்மேல் வரிசையாக மூன்று டப்பா. ஒவ்வொன்றும் வரும்போது மைத்துனர் பேரைச் சொன்னார், ரயில் நிலையத்தில் அறிவிப்பதுபோல. ஏழெட்டுப் பொருளுக்குப் பிறகு அக்காவே முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"அது சர்க்கரை டப்பா. பக்கத்துல டீத்தூள். அந்தக் குட்டையானது பொத்தான் போட்டு வச்சது." நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார். "அது என்னது?"

"எது?"

"பீரோ மேல."

எல்லோரும் பார்த்தோம். பீரோவின் தலைக்கு மேலே, சுவரோரம், நிமிர்ந்து நின்றது ஒரு வெளிர் வடிவம். அகலமான உடம்பு, குறுகின தோள், நீளக் கழுத்து.

ஏணியில் பிரஷ் நின்றது.

"டர்பன்டைன்," என்றார் வீட்டுக்காரர்.

"டர்பன்டைன் தகர டப்பாவுல வரும்."

"சின்ன பாட்டில்லயும் வரும்."

"விட்டுட்டேன்னு எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணி எத்தனை வருஷம் ஆச்சு?"

"அதுக்கு முந்தி வச்சதா இருக்கும். மறந்திருப்பேன்."

"மறந்தது பாதியா இருந்ததா, முழுசா இருந்ததான்னு சுவர் சொல்லாது. நீங்க சொல்லுங்க."

மைத்துனர் வாளிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தையல்காரர் வெளியே போய்ச் சிரித்தார். "நம்ம வீட்டுச் சுவரை நல்லாப் பார்க்கணும்" என்று அங்கிருந்து குரல் வந்தது. அக்கா பிரஷை ஓங்கினார். நுனியிலிருந்த தண்ணீர் ஏணிமேல் நின்றவரின் முகத்தில் அடித்தது. அவர் துடைக்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது.

சமையலறைப் பக்கம் தவிர மற்ற மூன்று சுவர்களையும் முடித்தோம். ஆறு படம், ஒரு வீடியோ. தெரு முனையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் அனுப்பிவிட்டுத் திரும்பும்போது வழியிலேயே மேடம் அழைத்தார். திரும்ப முனைக்கு ஓடினேன்.

"பார்த்தேன்," என்றார். "இந்த வேலையில நிறையப் படம் பார்த்துட்டேன். இந்த மாதிரி பார்த்ததில்லை. தீயில போன சாமான்னு அவங்க முன்னாடியே தந்த பட்டியலும் இதோட ஒத்துப்போகுது. பீரோ, மிஷின், கண்ணாடி, எல்லாம் எழுதியிருக்காங்க."

"ஆமா மேடம்."

"பீரோ மேல ஒண்ணு இருக்கே, அது மட்டும் பட்டியல்ல இல்லை. என்ன அது?"

"டர்பன்டைன் மேடம்."

"ம். வீடியோவுல சத்தமும் கேக்குது தம்பி." சிரித்தார்போல் இருந்தது. "முப்பத்தொண்ணு சரி. கூரை, பூச்சு ரெண்டும். அடுத்த வாரம் கொத்தனார் வந்து பழைய பூச்சைக் கொத்தி எடுப்பார், சாமானை ஒதுக்கி வைக்கச் சொல்லு."

"ஒதுக்கறதுக்குச் சாமான் இல்லை மேடம்."

"அப்ப நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று தோன்றியதோ என்னவோ, சட்டென்று வைத்துவிட்டார்.

மணி மூன்றேகால். நான் திரும்பி வந்தபோது மூவரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். தலையை ஆட்டினேன். வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் மைத்துனர் தன் லாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார், குதிரையைத் தட்டுவதுபோல.

"நாய் பிழைச்சுது," என்றார்.

"நீ முதல்ல விறகு கொண்டா," என்றார் அக்கா. "டீ போடணும்."

தையல்காரர் வீட்டில் கருகிக் கிடந்த உத்திரத்திலிருந்து ஒரு துண்டை மைத்துனர் உடைத்துக்கொண்டு வந்தார். படம் அனுப்பியாகிவிட்டதால் இனி எடுத்துக்கொள்ளலாம் என்று தையல்காரர் அனுமதி தந்தார்.

உள்ளே உட்கார்ந்து குடித்தோம். அக்கா அடுப்பண்டையில் உட்காரவில்லை. சுவருக்கு எதிரே, தரையில், கால் நீட்டி உட்கார்ந்தார். சுவர் காய்ந்துகொண்டிருந்தது. வெயில் பட்ட மேல்பக்கம் முதலில் போனது. பாட்டில் போனது. பீரோவின் தலை போனது. டப்பாக்கள் ஒவ்வொன்றாகப் போயின. மிஷின் போனது. கண்ணாடி கடைசிவரை நின்றது. அந்த இடத்தில் சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும், ஈரம் தங்கியிருக்கும் என்றார் வீட்டுக்காரர். பிறகு அதுவும் ஓரத்திலிருந்து சுருங்கி, ஒரு காசளவு ஆகி, மறைந்தது.

வெறும் வெள்ளைச் சுவர்.

"கொத்தனார் என்னைக்கு வராரு?" என்று அக்கா கேட்டார்.

"அடுத்த வாரம்."

"கொத்திட்டா அதுக்கப்புறம் வராதில்ல?"

"வராது," என்றார் வீட்டுக்காரர். "பூச்சோட போயிடும்."

அக்கா தம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை நனைங்க. சரியாப் பார்க்கலை."

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார், பிறகு பீப்பாயைப் பார்த்தார். காலி. தண்ணீர் லாரி இனி நாளைக் காலையில்தான். பள்ளிக்கூடத்துக் கிணற்றில் இருக்கும், ஆனால் அரை மைல், ஏற்றம்.

"என்னால ஆகாதுக்கா," என்றார் மைத்துனர். "கை விட்டுப்போச்சு."

அன்று நான் பார்க்க வேண்டிய வீடு வேறு இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.